சென்னையில் பிறந்த கார். டில்லியில் தேடும் சாமான்

சரோஜினி நகர் மார்க்கெட்டில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கால் வைக்க இடம் இருக்காது. சட்டையும் ஜீன்ஸும் பேரம் பேசும் கூட்டத்தைத் தாண்டி, பிலாஞ்சி கிராமத்துச் சந்துக்குள் நுழைந்துவிட்டால் சத்தம் அடங்கிவிடும். அங்கே தகரக் கொட்டகை போட்ட ஒரு சின்ன ஒர்க்‌ஷாப். ஸ்கூட்டர்களுக்கும் ஆட்டோக்களுக்கும் அப்பால், சுவரோரமாக, தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார். வலது முன்சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் செங்கல் அடுக்கியிருக்கிறது. வலது பக்கத்துப் பின்கதவு துருப்பிடித்து, அடிப்பாகம் அப்பளமாக நொறுங்கிக் கிடக்கிறது.

வண்டிக்குச் சொந்தக்காரர் கும்பகோணத்துப் பக்கத்துக்காரர். 1969-ல் எல்.டி.சி.யாக டில்லிக்கு வந்து, செக்ஷன் ஆபீசராக 2007-ல் ரிடையர் ஆனவர். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். பேப்பரில் வந்தால் பழைய ஆபீஸ் சிநேகிதர்கள் எல்லாம் டெலிபோன் போட்டு, "இன்னுமா அந்த வண்டியை வைத்திருக்கிறீர்?" என்று கேட்பார்களாம். வீட்டில் கேட்கும் கேள்வியே போதும் என்கிறார்.

1970-ம் வருஷத்து நான்கு கதவு ஹெரால்டு அது. 1979-ல் தமது மேலதிகாரி மாற்றலாகிப் போனபோது அவரிடமிருந்து தவணை முறையில் வாங்கினார். அந்த நாளில் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் கார் வைத்திருந்தவர்கள் மிகக் குறைவு. ஸ்கூட்டரே பெரிய விஷயம். அந்த வண்டியில்தான் ஆர்.கே. புரம் மலை மந்திருக்கு ஆடிக் கிருத்திகைக்குப் போனது, புதுடில்லி ஸ்டேஷனுக்கு ஊர்க்காரர்களை அழைத்து வரப் போனது, பிரசவத்துக்கு மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது எல்லாம். அக்கம்பக்கத்து ஐந்தாறு குடும்பங்களுக்கும் நள்ளிரவில் அதுவே ஆம்புலன்ஸ்.

இப்போது அந்த வண்டி உயிர் பிழைக்குமா என்பது நாலைந்து சாமான்களைப் பொறுத்திருக்கிறது.

வண்டலூரில் பிறந்தது

நம்மவர்களில் பலர் மறந்துவிட்ட ஒரு விஷயம், மாருதி வருவதற்கு முன்னால் இந்தியாவில் ஓடிய மூன்று முக்கியமான கார்களில் ஒன்று சென்னையில் தயாரானது. கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் அம்பாசிடர். பம்பாயில் பியட், பிற்பாடு பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறியது. சென்னையில் ஸ்டாண்டர்டு. யூனியன் கம்பெனி (மோட்டார்ஸ்) என்ற சென்னை நிறுவனமும் இங்கிலாந்தில் கவென்ட்ரியிலுள்ள ஸ்டாண்டர்டு கம்பெனியும் சேர்ந்து 1948-ல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆப் இந்தியாவைத் தொடங்கின. தொழிற்சாலை தாம்பரத்துக்குத் தெற்கே, வண்டலூர் பக்கம். முதலில் வேன்கார்டு, பிறகு ஸ்டாண்டர்டு டென், பென்னண்ட், 1961-லிருந்து ஹெரால்டு.

ஹெரால்டு இங்கிலாந்தில் 1959-ல் 'ட்ரயம்ப் ஹெரால்டு' என்ற பெயரில் வந்த வண்டி. அழகாக வரைந்து கொடுத்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கலோட்டி. அதன் கட்டுமானத்தில் ஒரு விசேஷம் உண்டு. அப்போதே பெரும்பாலான கார்களுக்கு உடம்பும் அடிச்சட்டமும் ஒன்றாகிவிட்டன. ஹெரால்டுக்கு மட்டும் லாரியைப் போலத் தனி சேசிஸ். அதன்மேல் உடம்பைத் துண்டு துண்டாக போல்ட்டு போட்டு முடுக்கியிருக்கும். இது ஆசைப்பட்டுச் செய்தது அல்ல. ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த பிஷர் அண்ட் லட்லோவை 1953-ல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடியை ஒரே இடத்தில் செய்ய வழி இல்லாமல், பல இடங்களில் துண்டுகளாகச் செய்து சேர்க்கும்படி வடிவமைத்தார்கள்.

அன்று வேறு வழியின்றிச் செய்தது இன்று பழைய வண்டிக்காரர்களுக்கு வரமாக இருக்கிறது. ஒரு பக்கம் அடிபட்டால் அந்தத் துண்டை மட்டும் கழற்றி மாற்றலாம். பானெட்டும் மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். இன்ஜின், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் எல்லாம் கண்முன்னே. மெக்கானிக் முன்சக்கரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். வண்டி திரும்பும் வட்டம் இருபத்தைந்து அடிதான்; குவார்ட்டர்ஸ் சந்தில் ஒரே முயற்சியில் திரும்பும் கார் அது ஒன்றுதான் என்பதில் பெரியவருக்கு இன்றும் பெருமை.

குறையும் உண்டு. 948 சி.சி. இன்ஜின், நான்கு பேரும் சாமானும் ஏறினால் மேட்டில் மூச்சு வாங்கும். பின்சக்கரங்களுக்குக் குறுக்கே ஒரே பட்டை ஸ்பிரிங். வேகமாகத் திரும்பினால் சக்கரம் உள்பக்கமாக மடங்கும். நம் ரோடுகளில் இந்த அமைப்பு படாத பாடு பட்டது. அதனால்தான் 1972-ல் வந்த 'கெஸல்' காரில் பின்பக்கத்துக்கு சாதாரண ஆக்சிலையே போட்டுவிட்டார்கள். கெஸல் 1977-ல் நின்றது. அதற்குப் பிறகு எட்டு வருஷம் கம்பெனி கார் தயாரிக்கவில்லை. 1985-ல் 'ஸ்டாண்டர்டு 2000' வந்தது. ரோவர் எஸ்.டி.1 என்ற பெரிய ஆங்கிலக் காரின் உடம்பு. உள்ளே பழைய வேன்கார்டு வம்சத்து இன்ஜின். விலை அதிகம், பெட்ரோல் செலவும் அதிகம். 1988-ல் அதுவும் நின்று, தொழிற்சாலையே மூடப்பட்டது.

அம்பாசிடர் 2014 வரை வந்தது. பத்மினி இந்த நூற்றாண்டின் தொடக்கம் வரை வந்தது. டாக்சிகளாக லட்சக்கணக்கில் ஓடியதால் அவற்றின் சாமான்கள் இன்றும் கடையில் தொங்குகின்றன. ஹெரால்டு பெரும்பாலும் டாக்டர்களும் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் வைத்திருந்த குடும்ப வண்டி. டாக்சிக்கு ஆகாத வண்டிக்கு மார்க்கெட்டில் சாமான் நிற்காது.

சட்டம் வைத்த கெடு

வண்டி ஓடாமல் கிடந்தால் என்ன, வீட்டு வாசலில் கிடக்கட்டுமே என்று ஊரில் இருப்பவர்கள் கேட்கலாம். டில்லியில் அது முடியாது. 2014 நவம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 15 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகள் தலைநகரில் ஓடக் கூடாது, பொது இடத்தில் நிற்கவும் கூடாது என்று உத்தரவு போட்டது. டீசல் வண்டிகளுக்கு 2015-ல் 10 வருஷம் என்றாயிற்று. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 2025 ஜூலை முதல் தேதியிலிருந்து பெட்ரோல் பங்குகளில் காமிரா வைத்து இப்படிப்பட்ட வண்டிகளுக்கு எண்ணெய் கொடுப்பதையே நிறுத்தினார்கள். எதிர்ப்பு கிளம்பவே சில நாட்களில் அதை நிறுத்தி வைத்தார்கள். பிறகு உச்ச நீதிமன்றம் ஆகஸ்டில் கொடுத்த இடைக்கால நிவாரணம் டிசம்பரில் பி.எஸ்.4-க்கும் அதற்குப் பிந்திய வண்டிகளுக்கும் மட்டும் என்று சுருங்கியது. பி.எஸ். என்ற பேச்சே பிறக்காத காலத்து ஹெரால்டுக்கு அதில் ஒன்றும் கிடையாது.

தெருவில் நிறுத்தினால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பெரியவரின் மகனுக்கும் மத்திய சர்க்கார் உத்தியோகம். சரோஜினி நகரில் குவார்ட்டர்ஸ் இருந்த வரையில் வண்டி வீட்டுப் பின்புறத்து வேலிக்குள் நின்றது. 2016-ல் மத்திய மந்திரிசபை ஏழு காலனிகளைப் புதுப்பிக்கத் தீர்மானித்தது. ஏறக்குறைய 13,000 பழைய வீடுகளை இடித்துவிட்டு 25,000-க்கு மேல் கட்டுவது திட்டம். வினய் நகர் என்ற பழைய பெயர் தெரிந்தவர்கள் பார்த்துப் பார்த்து வளர்த்த வேப்பமரங்களும் நாவல்மரங்களும் இருந்த வரிசைகளில் இப்போது மாடி மாடியாகக் கட்டடங்கள். இவர்கள் இருந்த பிளாக்கும் போயிற்று. வேலியும் போயிற்று. அன்று கயிறு கட்டி இழுத்து வந்த வண்டிதான் பிலாஞ்சியில் நிற்கிறது. மாதா மாதம் வாடகை.

ஒரே ஒரு வாசல் திறந்திருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய சர்க்கார் மோட்டார் வாகன விதிகளில் 'விண்டேஜ்' வண்டிகளுக்கென்று தனிப் பிரிவு சேர்த்தது. முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டிய இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளை இதன்கீழ் பதிவு செய்யலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் ரூ.20,000, பத்து வருஷம் செல்லும். மறுபதிவுக்கு ரூ.5,000. புதிதாகப் பதிவாகும் வண்டியின் நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். தினமும் ஆபீஸுக்கு ஓட்டிக்கொண்டு போக அனுமதி இல்லை. கண்காட்சிக்கும், பழைய கார் ஊர்வலத்துக்கும், ரிப்பேருக்கும், பெட்ரோல் போடவும் எடுத்துப் போகலாம்.

ஒரு நிபந்தனைதான் முக்கியம். வண்டி பிறந்த மேனிக்கே இருக்க வேண்டும். சேசிஸிலோ உடம்பிலோ இன்ஜினிலோ பெரிய மாறுதல் செய்திருக்கக் கூடாது. சாமான் கிடைக்காதபோது நம் ஊர் மெக்கானிக்குகள் செய்யும் வேலை எல்லோருக்கும் தெரிந்ததே. பழைய இன்ஜினை எடைக்குப் போட்டுவிட்டு வேறு வண்டியின் இன்ஜினை இறக்குவார்கள். கதவு போனால் வேறு கதவை வெட்டி ஒட்டுவார்கள். அந்தக் காலத்தில் அது கெட்டிக்காரத்தனம். இந்த விதியின் கண்ணில் அது வண்டியின் மரணம். பெரியவரின் ஹெரால்டில் இன்ஜின், சேசிஸ் நம்பர்கள் பழைய ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப் போகின்றன. அந்தப் புத்தகத்தை அவர் குவார்ட்டர்ஸ் அலாட்மென்ட் கடிதத்தோடும் பென்ஷன் பேப்பரோடும் ஒரே பிளாஸ்டிக் கவரில் வைத்திருக்கிறார்.

ஆகவே சாமான் வேண்டும். அதுவும் சரியான சாமான்.

காஷ்மீரி கேட்டில் கேட்கும் முறை

டில்லியில் மோட்டார் சாமானுக்குக் காஷ்மீரி கேட். பழைய கோட்டை வாசலுக்கு எதிரே சந்து சந்தாகக் கடைகள். ஒரு கடையில் வெறும் பேரிங், இன்னொன்றில் வெறும் ஆயில் சீல், இன்னொன்றில் அடி கணக்கில் ரப்பர் பீடிங். அங்கே போய் "ஹெரால்டுக்குச் சாமான் இருக்கிறதா?" என்று கேட்டால் சின்ன வயதுக் கடைக்காரருக்குப் பெயரே தெரியாது. வயதானவர் சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுப்பார். இரண்டாலும் காரியம் ஆகாது.

காரின் பெயரைக் கேட்காமல் அளவைக் கேட்க வேண்டும். இது பெரியவர் இரண்டு வருஷம் அலைந்து கற்ற பாடம். பேரிங்குக்கு அதன் மேலேயே நம்பர் வெட்டியிருக்கும். அந்த நம்பர் உலகம் முழுவதும் ஒன்றுதான். ஆயில் சீலுக்கு உள்விட்டம், வெளிவிட்டம், கனம் என்ற மூன்று அளவு போதும். பிரேக் சிலிண்டருக்கு உள்ளே போகும் ரப்பர்களை விட்டத்தைச் சொல்லி வாங்கலாம். டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட், கண்டன்சர், ஸ்டார்ட்டர் பிரஷ் போன்றவை லூக்காஸ் வகை. அம்பாசிடருக்கும் அதே குடும்பம். அம்பாசிடர் கடையில் பழைய சாமானைக் கையில் கொடுத்து 'இதைப் போல' என்றால் எடுத்துப் போடுகிறார்கள். பெட்டியின் மேல் பாடி என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்ததும் மனசு கொஞ்சம் குளிர்ந்ததாம். சென்னை பாடியில் லூக்காஸ் டி.வி.எஸ்.ஸும் பிரேக்ஸ் இந்தியாவும், செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸும் அந்த நாளிலிருந்தே இந்தியக் கார்களுக்கு உறுப்புகள் செய்து கொடுத்தவை. கல்கத்தா காருக்குள்ளும் பம்பாய் காருக்குள்ளும் பாதி சென்னைதான்.

இன்ஜின் வேலையும் பயந்த அளவு கஷ்டமாக இல்லை. 948 சி.சி. இன்ஜின் ஸ்டாண்டர்டு டென் வம்சத்தைச் சேர்ந்தது. சிலிண்டர் தேய்ந்திருந்தது. ஸ்லீவ் போட்டுப் பழைய அளவுக்கே கொண்டுவந்து, பிரிக்காத பெட்டியில் கிடந்த பழைய ஸ்டாக் பிஸ்டன்களைப் போட்டாயிற்று. பிஸ்டன் கிடைத்தது காஷ்மீரி கேட்டில் அல்ல. கரோல் பாகில் ஒரு கடையின் பரண்மேல். கடைக்காரர் பிஸ்டனின் விலையை அன்றைய விலையில் சொல்லவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்.

மாயாபுரிக்கும் போனார். பழைய வண்டிகளை உடைக்கும் இடம். அங்கே மலைபோல் கிடப்பவை எல்லாம் மாருதியும் அதற்குப் பிந்தியவையும். 2010-ல் பல்கலைக்கழகம் ஒன்று கழித்துப் போட்ட கோபால்ட்-60 கருவியைத் தெரியாமல் உடைத்து ஓர் உயிர் போன இடமும் அதுதான். அன்றிலிருந்து அங்கே எதைத் தொடவும் பெரியவருக்குத் தயக்கம். ஹெரால்டின் ஓர் ஆணிகூட அங்கே கிடைக்கவில்லை.

முழங்கால் முறியும் இடம்

உண்மையில் வண்டியைப் படுக்க வைத்தது ஒரு சின்ன வெண்கலத் துண்டு. ஹெரால்டின் முன்சக்கரம் ஒவ்வொன்றும் செங்குத்தான ஓர் இரும்புத் தண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அந்தத் தண்டின் அடிமுனையில் திருகு மரை. அது 'ட்ரன்னியன்' என்ற வெண்கலக் கட்டைக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் மரைக்குள் தண்டு சுழலும். அதற்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது. 90 நம்பர் கியர் ஆயில்தான் செலுத்த வேண்டும் என்பது தயாரித்தவர்களின் கட்டளை. கிரீஸ் கட்டிப்போய் மரைக்குள் இறங்காது. தண்ணீர் புகுந்து துரு பிடிக்கும். ஒரு நாள் தண்டு முறிந்து சக்கரம் பக்கவாட்டில் மடங்கும். நம் நாட்டு சர்வீஸ் ஸ்டேஷன்களில் நிப்பிள் கண்ட இடமெல்லாம் கிரீஸ் அடிப்பதுதான் வழக்கம். எத்தனை ஹெரால்டுகளின் முழங்கால் இப்படி முறிந்ததோ! இந்த வண்டிக்கு வலது முழங்கால் முறிந்தது, நல்ல வேளையாக, குவார்ட்டர்ஸ் கேட்டுக்குள் திரும்பும்போது.

வெண்கலக் கட்டையை லேத்தில் கடைந்துவிடலாம் என்றார் ஒரு மிஸ்திரி. கடையலாம். ஆனால் தண்டைக் கடைய முடியாது; அது அடித்துப் பதம் செய்த எஃகு. உயிரை அதன்மேல் வைத்து ஓட்ட வேண்டிய சாமான். இங்கேதான் பெரியவர் பிடிவாதமாக இருந்தார்.

சென்னையில் இருக்கும் அக்காள் பிள்ளைக்கு டெலிபோன் போனது. அவர் லீவு போட்டுவிட்டு ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு கடைகளையும் புதுப்பேட்டையையும் அலசினார். கூவத்துக்கரைப் புதுப்பேட்டையில் கார் உடைக்கும் கடைகள் பல உண்டு. ஹெரால்டா, அதை எல்லாம் இருபது வருஷத்துக்கு முன்னாலேயே இரும்புக்குப் போட்டாச்சே சார் என்றார்கள். ஒரு கடையில் மட்டும் ஒரு பழைய ட்ரன்னியன் இருந்தது. அதை வாங்கிப் பேப்பரில் சுற்றி, தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்த தெரிந்தவர் கையில் கொடுத்தனுப்பினார்.

வந்தது இடது பக்கத்துச் சாமான். இந்த வண்டியில் வலது பக்கத்து மரையும் இடது பக்கத்து மரையும் எதிர் எதிராகச் சுற்றும். ஒன்று மற்றதற்கு ஆகாது. வெளியே பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும். ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர் பிரயாணம் செய்து வந்த வெண்கலக் கட்டை இப்போது பெரியவரின் மேஜைமேல் பேப்பர் வெயிட்டாக இருக்கிறது.

கடைசியில் சாமான் வந்தது இங்கிலாந்திலிருந்து. அங்கே ஹெரால்டு 1971-ல் நின்றுவிட்டாலும், அதே சேசிஸிலிருந்து பிறந்த ஸ்பிட்பயர் என்ற இரண்டு பேர் உட்காரும் கார் 1980 வரை வந்தது. அதை ஆசையாக வைத்திருப்பவர்கள் ஏராளம். 1977-லிருந்து இந்தக் குடும்பத்துக் கார்களுக்கென்றே 'ட்ரயம்ப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் கிளப்' என்று ஒரு சங்கம் நடக்கிறது. கேன்லி கிளாசிக்ஸ், ரிம்மர் பிரதர்ஸ் போன்ற வியாபாரிகள் படமும் நம்பரும் போட்டு விற்கிறார்கள். கம்பெனி வெளியிட்ட பழைய சாமான் புத்தகத்தின் நம்பரைச் சொன்னால் போதும். எந்தச் சாமான், எந்தப் பக்கம், எந்த வருஷம் என்று பதில் வருகிறது. பெரியவரின் மகன் கம்ப்யூட்டரில் ஆர்டர் கொடுத்தார். சாமானின் விலையைவிட, விமானத் தபால் செலவும் சுங்க வரியும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்தது அதிகம். வீட்டில் அந்த மாதம் பேச்சுவார்த்தை கொஞ்சம் குறைவாக இருந்ததாகத் தெரிகிறது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1988-ல் வண்டலூர் தொழிற்சாலை மூடியபோது ஸ்டாண்டர்டு 2000 காருக்கான சாமான்கள் மலைபோல் தேங்கிவிட்டன. அவற்றை வாங்கி இங்கிலாந்துக்குக் கொண்டுபோனது லிங்கன் நகரத்து ரிம்மர் பிரதர்ஸ். ரோவர் எஸ்.டி.1 வைத்திருந்த வெள்ளைக்காரர்கள் தங்கள் காருக்குக் கிடைக்காத சாமானைச் சென்னைச் சரக்கிலிருந்து போட்டுக்கொண்டார்கள். சென்னை வண்டிக்கு இங்கிலாந்திலிருந்து சாமான் வருகிறது. இங்கிலாந்து வண்டிக்குச் சென்னையிலிருந்து போனது. இங்கே இரும்பு விலைக்குப் போட்டிருப்போம். அவர்கள் எண்ணி, துடைத்து, நம்பர் ஒட்டி வைத்தார்கள்.

ரயில் மியூசியத்தில் ஒரு தாத்தா

சரோஜினி நகரிலிருந்து கூப்பிடு தூரத்தில், சாணக்கியபுரியில், 1977-ல் திறந்த தேசிய ரயில் மியூசியம் இருக்கிறது. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் அங்கே ஒரு சிவப்பு நிறத் தீயணைப்பு வண்டியையும் பார்த்திருப்பார்கள். இங்கிலாந்தில் சால்போர்டு நகரத்து ஜான் மாரிஸ் கம்பெனி 1914-ல் செய்து, நிஜாம் ஸ்டேட் ரயில்வேக்கு வந்தது. 1964 முதல் டில்லியில் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை நடத்திவரும் பழைய கார் ஊர்வலத்தில் பல வருஷம் ஓடிப் பரிசும் வாங்கியது. ஹெரால்டுக்காவது படம் போட்ட புத்தகமும் விற்கக் கடையும் இருக்கின்றன. அந்தத் தாத்தாவுக்கு எந்தக் கடையில் போய் என்ன கேட்பது? ரயில்வே ஒர்க்‌ஷாப்புகளில் ஒரு தலைமுறை மிஸ்திரிகளுக்கு அளவெடுத்து, அச்சு வார்த்து, கையால் ராவிச் சாமான் செய்யத் தெரியும். தேய்ந்த ஒன்றைப் பார்த்துப் புதியதாக இருந்தபோது என்ன அளவு இருந்திருக்கும் என்று சொல்லும் கண் அவர்களுக்கு உண்டு. அப்படிப்பட்டவர்கள் ரிடையராகி ஊருக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பெரியவரின் கார்புரேட்டருக்குத் தேய்ந்த திராட்டில் தண்டைப் பித்தளை புஷ் போட்டுச் சரி செய்து கொடுத்தவரும் அப்படி ஒரு பழைய ரயில்வே பிட்டர்தான். கூலி வாங்க மறுத்துவிட்டார். ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

ஒரு கதவு பாக்கி

முன்சக்கரத்துத் தண்டும் வலது பக்கத்து ட்ரன்னியனும் இப்போது பிலாஞ்சி ஒர்க்‌ஷாப்பில் எண்ணெய்த் துணியில் சுற்றியபடி இருக்கின்றன. அடுத்த வாரம் பொருத்துகிறார்கள். மெக்கானிக்கிடம் கிரீஸ் துப்பாக்கியை அந்தப் பக்கமே கொண்டுவரக் கூடாது என்று பெரியவர் சத்தியம் வாங்கியிருக்கிறார். ரப்பர் பீடிங் வாங்கியாயிற்று. பின்விளக்குக் கண்ணாடிக்கு அச்செடுத்துச் செய்ய ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இங்கிலாந்துக்காரர்களாலும் கொடுக்க முடியாத சாமான் ஒன்று உண்டு. அவர்கள் நான்கு கதவு ஹெரால்டைச் செய்ததே இல்லை. அங்கே இரண்டு கதவுதான். நம் குடும்பங்களில் பாட்டிகளும் குழந்தைகளும் முன்சீட்டை மடக்கிப் பின்னால் ஏற முடியவில்லை என்று 1960-களின் கடைசியில் வண்டலூரில்தான் நான்கு கதவு ஹெரால்டு உருவானது. ஆகவே பின்கதவு உலகத்தில் வேறெங்கும் கிடையாது. நம் நாட்டில் எங்கேயாவது ஒரு கொட்டகையில் இருந்தால்தான் உண்டு. தகடு அடித்துப் புதுக் கதவு செய்து தருவதாகக் கரோல் பாகில் ஒருவர் சொல்கிறார். அதிகாரிகள் அதை மாறுதல் என்பார்களோ, ரிப்பேர் என்பார்களோ என்ற சந்தேகத்தில் பெரியவர் இன்னும் சரி சொல்லவில்லை.

அக்காள் பிள்ளை திருச்சி, மதுரை, கோயம்புத்தூர் என்று பழைய கார் ஒர்க்‌ஷாப்புகளுக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டுக் கார் ஷெட்டில் சக்கரம் இல்லாத ஹெரால்டு ஒன்று நிற்பதாகப் போன மாதம் தகவல் வந்தது. நான்கு கதவுதானாம். வீட்டுக்காரர்கள் மலேசியாவில் இருக்கிறார்கள். பொங்கலுக்கு வரும்போது கேட்டுச் சொல்வதாக வாட்ச்மேன் சொல்லியிருக்கிறார். கதவு கிடைத்தால் அதைக் கழற்றி, சாக்குத் துணியில் சுற்றி, மரச்சட்டம் அடித்து, ரயில் பார்சலில் அனுப்ப வேண்டும். சென்னை பார்சல் ஆபீஸில் புக் செய்து டில்லியில் எடுத்துக்கொள்ள என்ன நடைமுறை, எத்தனை நாளுக்குள் எடுக்காவிட்டால் வார்பேஜ் விழும் என்றெல்லாம் பெரியவர் இப்போதே விசாரித்து ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டுவிட்டார். வலது பக்கத்துக் கதவுதானா என்று மட்டும் மூன்று தடவை கேட்டிருக்கிறார்.